கால் அனுப்பாத செய்தி

அபெசுவா அரண்மனை,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தம்பி யாவ் டான்சோவுக்கு,

அண்ணன் கொரான்டெங் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் அக்கா செர்வாவும் குறையில்லாமல் இருக்கிறோம். என் முழங்கால்கள் இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தக்கோராடியில் நீயும் உன் வீட்டாரும் நல்லபடியாக இருக்க நம் மூதாதையர் துணை நிற்கட்டும்.

நீ கொடுத்தனுப்பிய கருவாடும் கடிதமும் ஒரே பையில் வந்து சேர்ந்தன. கருவாட்டைத் தின்றாகிவிட்டது, கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். "அண்ணா, ஒன்பது வருஷம் ஊரைப் பார்த்துட்டீங்க, இனிமே காலை நீட்டி உட்காருங்க" என்று எழுதியிருக்கிறாய். அன்பான வார்த்தை. ஆனால் கடைசியில், உன் பேரனின் பல் வலிக்குப் பிறகு, போகிற போக்கில் என் செருப்பின் அளவு என்ன என்று கேட்டிருக்கிறாய். நான் குமாசியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை நிருபராக இருந்தவன். வந்த ஆள் எழுந்து போகும்போது சும்மா கேட்பதுபோல் கேட்கும் கேள்விதான் அவர் வந்த காரணம் என்பது எனக்குத் தெரியாதா? ஆசனம் கைமாறினால் தலைவனின் செருப்பும் கால்மாறும்; பெரியவர் அப்பியா உன்னிடம் பேசியிருக்கிறார். சபையின் மூத்தவர் என்ற தோரணையில், "அடுத்த தலைவர் நீதான், பதவியேற்கக் கென்டே துணி நெய்யக் கொடு" என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆசனத்திலிருந்து இறங்கப்போவதில்லை. வருகிற ஞாயிறு, அக்வாசிடே திருநாளன்று, அரண்மனை வாசலிலிருந்து ஊர்க்கோடியில் நிற்கும் பெரிய ஒடும் மரம் வரைக்கும் ஊர் பார்க்க நடக்கப்போகிறேன். இரண்டு செருப்பும் காலில் இருக்கும். தலை நிமிர்ந்திருக்கும். நீ வரவேண்டாம். துணிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் உன் மகன் கல்யாணத்துக்கு வைத்துக்கொள். அப்பியா உன்னிடம் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பாதிச் செய்தி. மீதிப் பாதியை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முழங்கால் வலி நம் வீட்டுக்குப் புதிதல்ல, அம்மாவுக்கும் இருந்தது. வலியோடு எனக்குச் சண்டை இல்லை. வலி என்பது ஒரு செய்தி. கால் இருக்கிறது, இங்கே இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. சிக்கல் வேறு. வடக்கே ஒரு ஊரில் எங்கள் பத்திரிகைக்கு ஒரு நிருபர் இருந்தார், வாரம் தவறாமல் எழுதுவார். ஒரு மழைக்காலத்தில் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. குமாசியில் உட்கார்ந்திருந்த நாங்கள், அங்கே எல்லாம் அமைதி என்று போட்டுவிட்டோம். அங்கே வெள்ளம், அவர் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். என் கால்கள் அந்த நிருபரைப்போல ஆகிவிட்டன. அவை செய்தி அனுப்புவதில்லை, தலைமை அலுவலகம் தானாக ஒன்றை எழுதிக்கொள்கிறது.

முதலில் இது வெளியே தெரிந்தது பக்கத்து ஊர்த் தலைவர் வீட்டு இறுதிச் சடங்கில். நானும் அவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். என் வலது காலை எனக்குப் போட்டிருந்த கால்மணைமேல் வைத்தேன். அதாவது வைத்ததாக நினைத்தேன். உண்மையில் அவருடைய பாதத்தின்மேல் வைத்து, பாதிரியார் பிரசங்கம் முடிகிறவரைக்கும் அப்படியே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், மனிதர் அசையவில்லை. ஒரு தலைவர் இன்னொரு தலைவரின் காலைத் துக்க வீட்டில் வைத்து மிதித்தால் அதற்கு அர்த்தம் இருந்தாகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். மறுவாரம் அவர் ஆள் வந்து, ஓடைக்கரை எல்லைத் தகராறில் அந்தப் பக்கத்துக் கோகோ மரங்களை விட்டுத்தருவதாகவும், அதற்குமேல் மிதித்தால் நடப்பது வேறு என்றும் சொல்லிவிட்டுப் போனார். அது ஊருக்கு லாபம் என்பதால் அப்பியாகூட வாயைத் திறக்கவில்லை. அக்கா செர்வாதான் கண்டுபிடித்தாள். "நீ வேணும்னு மிதிக்கல, இல்ல? உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுடா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ." அவள் அரசித்தாய். இந்த ஆசனத்தில் என்னை உட்காரவைத்தவள். போனேன்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. என் வாக்கை எடுத்துச் சொல்லும் ஒக்யாமே பிம்பொங்கும் கூட வந்தார். தலைவரின் வாய்ச்சொல் ஊருக்கு நேராகப் போகக்கூடாது, அவர் வழியாக மெருகேறித்தான் போகவேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பசிக்கிறது என்று நான் சொன்னால், ஊரின் அடுப்பு விறகு கேட்கிறது என்று அவர் சொல்வார். ஒன்பது ஆண்டில் அவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுப்பதையே நான் விட்டுவிட்டேன். மாவட்ட மருத்துவமனையில் எலும்பும் மூட்டும் பார்க்கிற பிசியோதெரபிக்காரம்மா தமாலேப் பக்கத்துப் பெண், சலமாத்து என்று பெயர். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலைவரை எல்லோரும் அழைக்கிற நானா என்ற மரியாதைப் பெயராலேயே கூப்பிட்டார்.

"நானா, கண்ண மூடிக்கோங்க. உங்க கால் கட்டைவிரல அசைப்பேன். மேல போகுதா, கீழ போகுதான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அம்மா, என்கிட்ட கேளுங்க, நான் நானாகிட்ட கேக்கறேன்" என்றார் பிம்பொங், தங்கப் பிடி போட்ட கோலைத் தரையில் ஊன்றி.

"இவருக்கு விரல் இருக்கு, வாய் இருக்கு. நடுவுல நீங்க எதுக்கு?"

"தலைவர் வார்த்தை தனியா நடந்து வராதும்மா. கூட ஒரு ஆள் வரும்."

சலமாத்து பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். விரல் அசைந்தது. நான் பிம்பொங் காதில் "கீழே" என்றேன். பிம்பொங் உரத்த குரலில், "நானா சொல்றாங்க, விரல் வானத்தைக் கும்பிடுது" என்றார். அந்த அம்மா சரி என்று குறித்துக்கொண்டார். அடுத்தது நான் "மேலே" என்றேன். "நானா சொல்றாங்க, விரல் மண்ணுக்கு மரியாதை செய்யுது." அதுவும் சரி. பத்துக்குப் பத்து வாங்கினேன். முழங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது, ஆனால் கால் இருக்கும் இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி, ஒரு தைலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஒருநாள் பிம்பொங்கைப் பிடித்துக் கேட்டேன், ஏனய்யா மாற்றிச் சொன்னீர் என்று. மனிதர் உண்மையிலேயே திகைத்துப்போனார். "நானா, விரல் மேல இருக்கிறது என் கண்ணுக்குத் தெரியுது, நீங்க கீழங்கறீங்க. நீங்க தப்பாச் சொல்றத ஊருக்குச் சரியாச் சொல்றதுக்குத்தானே நான் இருக்கேன்? உங்களுக்கு முன்னாடி ரெண்டு தலைவருக்கும் அதைத்தானே செஞ்சேன்?" என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஆக, கால்கள் சரியாக இருக்கின்றன என்ற மருத்துவச் சான்றோடு நான் கிழங்குத் திருவிழா ஊர்வலத்தில் இறங்கினேன். குடைக்குக் கீழே, இடுப்புவரை நகை, கையில் வாள். தலைவனின் வெறும் பாதம் மண்ணில் படக்கூடாது, தலைவன் குனிந்து பார்க்கக்கூடாது. அந்த இரண்டும் உனக்குத் தெரியும். சோளமாவுக் கெங்கே உருண்டை விற்கும் அம்மாவின் கடைக்கு எதிரே என் இடது செருப்பு கழன்று நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. எனக்குத் தெரியாது, தம்பி. சத்தியமாகத் தெரியாது. செருப்பு காலில் இருப்பதாகவே என் மூளை எழுதிக்கொண்டிருந்தது. கூட்டம் திடீரென்று அடங்கியது. என் தோற்றத்தைப் பார்த்து மலைத்துப்போனார்கள் என்று நினைத்து வாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். முரசுகள் தடுமாறின. பின்னாலிருந்து அப்பியா "நானா, காலு! காலு!" என்று கத்தினார். அவர் என்னைப் பாராட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் நடையைத்தான் புகழ்கிறார் என்று மகிழ்ந்து, அவருக்காக நின்று நாலு அடி ஆடினேன். இடது காலால்தான் ஓங்கி மிதித்தேன். வெறுங்காலால்.

"கொரான்டெங், குனிஞ்சு பாருடா!" என்று அக்கா கூவினாள்.

"தலைவன் குனியக்கூடாதுக்கா!"

"குனியாம இருந்து கிழிச்சது போதும், பாரு!"

பார்த்தேன். மீதியை அப்பியா உனக்குச் சொல்லியிருப்பார்.

அன்று மாலையே பரிகாரத்துக்கு ஓர் ஆடு வெட்டினோம். சபை கூடியது. அப்பியா எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "தன் காலு மண்ணைத் தொட்டதே தெரியாதவருக்கு, காலுக்குக் கீழ இருக்கிற மண்ணை எவனாவது வித்தா மட்டும் தெரியுமா?" நல்ல வாக்கியம். நான் இன்னும் பத்திரிகையில் இருந்திருந்தால் அதைத்தான் தலைப்பாகப் போட்டிருப்பேன். கடைசியில் அக்கா ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தாள். அடுத்த அக்வாசிடேயில் நான் மறுபடி நடக்கவேண்டும். பாதம் மண்ணில் பட்டாலோ தலை தாழ்ந்தாலோ, மூத்தவர்கள் முறைப்படி என் செருப்பை உருவி எடுத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிம்பொங்கை வெளியே மாமரத்தடியில் உட்காரவைத்துவிட்டேன். இன்றுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை என் வாயால் நானே பதில் சொன்னேன். அந்த அம்மா விரலை விட்டுவிட்டு முழங்காலுக்குப் போனார். ஒரு காலைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு காலை இதே அளவுக்கு நீங்களா தூக்குங்க, கண்ணைத் தெறக்காம" என்றார். தூக்கினேன். "ரெண்டும் சமம்தானா நானா?" சந்தேகமே இல்லை, சமம் என்றேன். "இப்ப தெறங்க." ஒரு கால் சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தது, இன்னொன்று கட்டிலைவிட்டே இறங்கத் தயாராக இருந்தது.

"மூட்டைச் சுத்தியும் தசைக்குள்ளயும் நரம்பு முனைங்க இருக்கு நானா. காலு எங்க இருக்கு, எவ்வளவு மடங்கியிருக்குன்னு மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். வயசானா மந்தமாகும். மூட்டு தேஞ்சு வீங்கி, தொடைச் சதையும் இளைச்சுதுன்னா இன்னும் மோசம். போயிடல. மங்கிப்போச்சு."

"திரும்புமா?"

"பழக்கினா கொஞ்சம் திரும்பும். அதுவரைக்கும் காலு சொல்லாததைக் கண்ணு சொல்லணும். நடக்கும்போது காலைப் பாருங்க."

"பார்க்கக்கூடாதும்மா."

"ஏன்?"

"நான் தலைவன்."

"அப்ப விழுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

விழப்போவதில்லை என்று அந்த வாசலிலேயே முடிவு செய்தேன். கண் கூடாது என்றால் வேறு வழி பார்க்கவேண்டும். முதலில் உன் அண்ணியின் கைக்கண்ணாடியைக் குடையின் ஓரத்தில் சாய்த்துக் கட்டிப் பார்த்தோம், நிமிர்ந்தபடியே பாதத்தைப் பார்க்கலாம் என்று. குடை பிடிப்பவரின் மூக்குத் துவாரம் மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு உன் அண்ணி, செருப்பைக் கணுக்காலோடு ரப்பர் நாடாவால் கட்டிவிடலாம், துணி மறைத்துக்கொள்ளும் என்றாள். அதற்கு நான் ஒப்பவில்லை. தலைவன் செருப்பில் வார்ப்பூட்டு இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வேண்டாதபோது உருவி எடுக்கும் உரிமை ஊருக்கு உண்டு. கட்டிப்போட்டால் அந்த உரிமையைத் திருடினவன் ஆவேன். அப்பியா அதை உருவினால் உருவட்டும், அது கையோடு வரவேண்டும்.

கடைசியில் முரசுக்காரர் டாவியாவைக் கூப்பிட்டேன். ஊர்வலத்தில் "மெல்ல, நானா, மெல்ல" என்று அவருடைய இரட்டை முரசு எனக்கு எப்போதும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. இனி பக்கத்தில் நடந்து என் பாதத்தைப் பார்த்து, வலது குதிகால் செருப்பின் விளிம்புக்கு வந்தால் ஆண் முரசிலும், இடது வந்தால் பெண் முரசிலும் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. கால் சொல்லாததைக் காது சொல்லட்டும். தினமும் காலையில் கோகோ உலர்த்தும் களத்தில் பழகுகிறோம். அருமையாக வேலை செய்கிறது. ஒரே ஒரு குறை, முரசு பேசுவது ஊருக்கே புரியும். இப்போது குழாயடியில் பெண்கள், "நானாவோட இடது குதிகால் நேத்தைக்கு இன்னைக்குத் தேவலாமா?" என்று உன் அண்ணியிடமே விசாரிக்கிறார்கள். அப்பியா இது ஏமாற்று வேலை என்று சபையில் குதித்தார். மாமரத்தடிக் கோபத்தையும் மீறி பிம்பொங் எழுந்து, "முரசு தலைவருக்கு வழி சொல்றது இன்னைக்கு நேத்தா நடக்குது? வேண்டாம்னா உங்க காதைப் பொத்திக்குங்க" என்றார். சபை ஏற்றுக்கொண்டது.

சலமாத்து சொன்ன பயிற்சியையும் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், கண்ணை மூடி முழங்காலை மடக்கி இது எவ்வளவு என்று சொல்வதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும் இருவேளையும் நடக்கிறது. உன் அண்ணி பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே சரி பார்க்கிறாள். நேற்றுப் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னேன். எங்கள் பத்திரிகையில் அந்த அளவுக்குச் சரியாக எழுதினால் மூத்த நிருபர் என்று பதவி கொடுப்பார்கள்.

ஆகவே தம்பி, எனக்கு இரக்கம் வேண்டாம். ஊருக்கு வேறு தலைவரும் வேண்டாம். இந்தத் தலை யாருக்காகவும் எதற்காகவும் ஒரு விரற்கடைகூடத் தாழாது. எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். உன் செருப்பு உன் காலிலேயே இருக்கட்டும். என்னுடையது என் காலில் இருக்கும்.

உன் பேரனின் பல் தானாக விழட்டும், புதுப் பல் வரிசையாக வரட்டும். உன் வலையில் மீனும் உன் வீட்டில் சிரிப்பும் குறையாதிருக்க நம் மூதாதையரிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு, இறங்காத உன் அண்ணன்,
நானா கொரான்டெங்.

பின்குறிப்பு (ஞாயிறு மாலை): இதை எடுத்துப்போகவேண்டிய டிரோட்ரோ வேன் வாரம் முழுக்கப் பழுதாகிக் கிடந்ததால் கடிதம் என்னிடமே இருந்தது. இன்று நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. முரசுத் தோல் நனைந்து அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஆகிவிட்டது. டாவியா என் காதருகே வந்து, "நானா, தோல் செத்துப்போச்சு, இனிமே நீங்க பாத்துக்குங்க" என்றார். இளவட்டங்கள் எல்லாம் கடைத் தாழ்வாரங்களுக்கு ஓடிவிட்டார்கள். ஓட முடியாதவர்களும் ஊர்வலத்தை நிறுத்தக்கூடாதவர்களும் மட்டும் தெருவில் மிச்சம், அதாவது நானும் சபையும். குடைக்காரர் நனையாமலிருக்கக் குடையைத் தாழ்த்தினார். நான் சேற்றில் நின்றேன். இடது கால் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்தேன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். குனிந்தேன். ஒரு தடவை அல்ல, மீதி வழி முழுக்க என் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரண்டு இடத்தில் குதிகால் வழுக்கியது, பார்த்ததால் பிழைத்தேன்.

யாராவது பார்த்துவிட்டார்களா என்று நடுவில் ஒரு தடவை பக்கவாட்டில் திரும்பினேன். சபையின் மூத்தவர் அத்தனை பேரும், முகவாய் நெஞ்சில் இடிக்க, ஆளுக்கொரு ஜோடிக் காலை, அவரவர் காலை, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்பியாவின் வலது செருப்பு எங்கேயோ தொலைந்திருந்தது. அவருக்குத் தெரியாது. முன்னால் கோலோடு போன பிம்பொங்கும் தன் காலைத்தான் பார்த்திருக்கிறார். அதனால் ஒடும் மரத்தை எப்போது தாண்டினோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர்வலம் நேராகப் போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில், கால்பந்துக் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றது. சாட்சி விசாரணை அங்கேயே நடந்தது. அப்பியா முன்னால் வந்து, ஒற்றைச் செருப்போடு, ஆசனத்தின் பேரில் சத்தியம் செய்தார். "செருப்பு ரெண்டும் கால்ல இருந்துச்சு. தலை கொஞ்சங்கூடத் தாழல. நான் நானாமேல வச்ச கண்ணை எடுக்கவே இல்ல." மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் திருத்தவில்லை.

மேலே எழுதியதில், நீ வரவேண்டாம் என்று சொன்னதை அடித்துவிடு. ஆசனம் காலியாக இல்லை. ஆனால் அடுத்த ஊர்வலத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னால், நேரே எதிரே பார்த்து நடக்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?